பேரரசப் பெங்குயின் ஜோடி ஆயுளுக்குமா?

இல்லை, ஆயுள் முழுக்க ஒரே துணை என்பது பேரரசப் பெங்குயின்களிடம் கிடையாது. 2005-இல் வந்த ‘மார்ச் ஆஃப் த பெங்குயின்ஸ்’ ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு இதைக் கேட்கும் உங்கள் மகளிடம் தயங்காமல் சொல்லலாம். பெரும்பாலானவை அடுத்த ஆண்டே வேறு துணையோடு சேர்கின்றன. பழைய ஜோடியே மறுபடி சேர்வது சுமார் 15 சதவீதம்தான்.

முக்கியக் காரணம், அவற்றுக்குக் கூடு கிடையாது. முட்டையைக் காலின் மேல் வைத்தே அடைகாப்பதால், திரும்பி வந்து சந்திக்க நிலையான இடம் இல்லை. பருவமும் குறுகியது. தாமதமாக வரும் பழைய துணைக்காகக் காத்திருந்தால் அந்த ஆண்டே வீணாகிவிடும்.

படத்தின் ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் அவளோடு பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது எது, பின்னணிக் குரல் சொல்லித் தெரிவது எது என்று அவளே பிரிக்கட்டும். பிரெஞ்சு மூலத்தில் பெங்குயின்களே ‘நான்’ என்று பேசும்; அதே படத்துக்கு ஆங்கிலத்தில் மார்கன் ஃப்ரீமன் கதை சொல்கிறார்.

ஆனால் எல்லாமே கற்பனை என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு பருவத்தில் பிணைப்பு நிஜம். ஆண் இரண்டு மாதம் சாப்பிடாமல் முட்டையைக் காக்கிறது. கடலிலிருந்து திரும்பும் பெண், அத்தனை பெரிய கூட்டத்தில் குரலை வைத்தே தன் துணையைக் கண்டுபிடிக்கிறது. எனக்குப் படத்தின் காதல் கதையைவிட இதுதான் பெரிய அதிசயம்.

அப்புறம், எல்லாப் பெங்குயினும் இப்படியில்லை. கூழாங்கல் கூடு கட்டும் அடேலி பெங்குயின்களில் பழைய துணையோடு சேர்வது இதைவிட மிக அதிகம்.