பாஸ்டர் பதில்கள்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், பள்ளிப்படிப்பை நிறுத்திய பிள்ளைகளுக்குச் சிறிய பயிற்சிக்கூடம் நடத்தும் போதகர் ஒருவர் வாசகர்களுக்குப் பதில் தருகிறார்.)

என் மகனுக்கு 17 வயது. பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தேறவில்லை. இனிப் பள்ளிக்கே போகமாட்டேன் என்கிறான். உங்களிடம் அனுப்பினால் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்) கிடைக்குமா?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

கிடைக்காது அம்மா. நான் எழுதிக் கொடுக்கும் காகிதத்தை எந்தக் கம்பெனியும் கேட்காது. வேறு பெயரில் மெட்ரிக் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவர்களையும் நம்பாதீர்கள்.

ஒன்பதாம் வகுப்பு தேறியிருக்கிறான் அல்லவா? அந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள். அதை வைத்து அரசு டிவெட் கல்லூரியில், அதாவது தொழிற்கல்விக் கல்லூரியில், என்.சி.வி. என்ற தொழிற்கல்விச் சான்றிதழ் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு, மூன்று, நான்கு என்று மூன்று நிலை. நிலைக்கு ஒரு வருடம். நான்காம் நிலை முடித்தால் மெட்ரிக்குக்குச் சமமான தரம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்ஸ்ஃபாஸ் என்ற அரசின் மாணவர் நிதியுதவியும் கேட்கலாம். இதெல்லாம் வேண்டாம், மெட்ரிக்தான் வேண்டும் என்று பிற்பாடு தோன்றினால், 21 வயதுக்கு மேல் பெரியவர்களுக்கான சீனியர் சர்டிபிகேட் தேர்வு இருக்கிறது.

அப்படியானால் என் கூடம் எதற்கு? 'எனக்குக் கணக்கு வராது' என்று முடிவு கட்டிய பையன் கல்லூரியில் சேர்ந்தாலும் ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடுவான். அந்த முடிவை உடைக்கத்தான்.

எங்கள் மேசைமேல் பழைய டொயோட்டா எஞ்சின் ஒன்று கிடக்கிறது. ஸ்பார்க் பிளக் இடைவெளியை 0.8 மில்லிமீட்டருக்கு வைத்துவிட்டு, ஒரு பையனிடம் ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டை, கொடுத்தேன். 0.75 தகடா, 0.8 தகடா, எது தடிமன் என்று கேட்டேன். "எழுபத்தஞ்சுதான் பாஸ்டர், எட்டைவிடப் பெருசாச்சே" என்றான். நான் வாதாடவில்லை, இரண்டையும் விட்டுப் பார்க்கச் சொன்னேன். 0.75 வழுக்கிக்கொண்டு போனது. 0.8 லேசாக உரசிக்கொண்டு போனது. முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி விட்டுப் பார்த்தான். தகட்டில் பொறித்த எண்ணைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, "அப்ப எட்டுன்னா எண்பதா?" என்றான். எப்போதோ சின்ன வகுப்பில் தப்பிப்போன கணக்கு அது. அதற்கப்புறம்தான் சாக்பீஸை எடுப்பேன்.

கோர்ட் அனுப்பும் பையன்களையும் உங்கள் சேவைக் குழுவில் சேர்க்கிறீர்களாம். நல்ல வீட்டுப் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?
– ஒரு தாத்தா, ஃபீனிக்ஸ்

சேர்க்கிறேன் ஐயா. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் சிறார் நீதிச் சட்டம், செய்ததற்குப் பொறுப்பேற்கும் பிள்ளையின் வழக்கை விசாரணைக்குப் போகாமல் வேறு வழியில் திருப்பிவிட இடம் தருகிறது. சமூக சேவை அதில் ஒரு வழி. ஒழுங்காக முடித்தால் அவன்மேல் தண்டனைப் பதிவு விழாது. யார் கோர்ட் சொல்லி வந்தவன், யார் தானாக வந்தவன் என்பது எனக்கும் சமூக சேவகருக்கும் மட்டும்தான் தெரியும்.

சுகர்ஸ் என்ற போதைப் பழக்கத்தில் மாட்டியவன் என்றால் முதலில் மருத்துவமனை. ஹெராயின் கலந்த சரக்கு அது. ஜெபம் செய்கிறேன், ஆனால் ஜெபத்தோடு நிறுத்துகிற போதகரிடம் உங்கள் பேரனை விடாதீர்கள்.

சேவை என்றால் என்ன வேலை என்பதுதான் எனக்கு முக்கியம். ஜூலை 18 வந்தால் ஊரெல்லாம் 67 நிமிடம் சேவை செய்கிறது. மண்டேலா பொதுவாழ்வில் கழித்த 67 ஆண்டுகளின் நினைவாக, நல்லதுதான். ஆனால் 68ஆவது நிமிடத்தில் டி-ஷர்ட்டைக் கழற்றுகிற சேவையைப் பையன்கள் சட்டென்று மோப்பம் பிடித்துவிடுவார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் ஊரின் குடிநீர் நிலையம் பழுதாகி, அங்கே மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கள் பையன்கள் 25 லிட்டர் கேன்களைச் சுமந்தார்கள். ஒரு ஆயா, வாசலில் தண்ணீரைச் சிந்திவிட்டான் என்று ஒருவனை வாய்விட்டுத் திட்டினார். மறுநாள் அவன் கோக் பாட்டிலைக் குறுக்கே வெட்டிப் புனல் செய்து எடுத்து வந்தான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கல்வி என்ற பெயரில் மதம் மாற்றுகிறீர்களா? நேரடியாகப் பதில் சொல்லவும்.
– ஒரு வாசகர், லெனேசியா

இல்லை. ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழாவுக்கு என் பிள்ளைகள் லீவு கேட்பார்கள், கொடுப்பேன். பெரிய வெள்ளிக்கிழமை எனக்கும் பிரசங்க வேலை இருக்கிறதே! சந்தேகம் இருந்தால் ஒரு நாள் சொல்லாமல் வந்து பாருங்கள்.

பி.டி. (இறையியல் பட்டம்) முடித்திருக்கிறேன். உங்களைப்போல் இளைஞர் ஊழியம் செய்ய ஆசை. என்ன தகுதி வேண்டும்? வருமானம் உண்டா?
– ஒரு தம்பி, தூத்துக்குடி

தம்பி, நான் வேதாகமக் கல்லூரிக்குப் போகும் முன்பே மெக்கானிக். இன்றைக்கும் பையன்கள் என்னை மதிப்பது அந்தக் கைக்காகத்தான், பிரசங்கத்துக்காக இல்லை.

இங்கே பிள்ளைகளோடு வேலை செய்ய படிவம் 30 நிரப்பி அனுப்பவேண்டும். பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களைக் குறித்து வைக்கும் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில் நம் பெயர் இல்லை என்று எழுத்தில் வரவேண்டும். பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டுக்கும் தனியாகச் சரிபார்ப்பு உண்டு. போதகருக்கென்று விலக்கு கிடையாது, இருக்கவும் கூடாது. உங்கள் ஊரில் சட்டம் எப்படி இருந்தாலும் சரி, பூட்டிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து ஆலோசனை சொல்லும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் கண்ணில் படட்டும்.

வருமானமா? சபை தருவது வாடகைக்கும் அரிசிக்கும் சரி. மற்றதற்கு சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துக் கார்களுக்கு பிரேக் பேட் மாற்றுகிறேன். உங்களுக்கு என்ன கைத்தொழில் தெரியும் என்று எழுதவில்லையே? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.