பிரேசில் ரிசீவர் வாங்கியவர்களுக்கு: பின்பக்கத்துக் கேள்விகள்

சாவோ பாவுலோவில் வேலை பார்க்கிறேன். பழைய சாமான் கடைகளில் ரிசீவர்களை (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக இருக்கும் செட்) பார்த்தால் கிராடியென்டே, போலிவாக்ஸ், சி.சி.இ. என்றே பெயர்கள் கண்ணில் படுகின்றன. ஏன் இவ்வளவு உள்ளூர்ச் சரக்கு?

1970, 80களில் பிரேசில் வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தது. உள்ளே செய்தால் சலுகை. 1967-இல் அமேசான் காட்டு நடுவே மனாஸ் நகரத்தில் வரிச்சலுகை மண்டலம் அமைத்தார்கள். ஆலைகள் அங்கே குவிந்தன. 1964-இல் சாவோ பாவுலோவில் தொடங்கிய கிராடியென்டே பிற்பாடு போலிவாக்ஸையும், டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் பெட்டி) செய்த பிரிட்டனின் கரார்டையும் வாங்கிப் போட்டது. 1990-இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் இந்தச் செட்டுகளின் காலம் முடிந்தது.

என் ரிசீவரின் டேப் சாக்கெட் வட்டமாக, ஐந்து ஓட்டையோடு இருக்கிறது. அதில் போனை இணைத்துப் பாட்டு கேட்கலாமா?

தாராளமாக. அது டின் (DIN) எனும் ஜெர்மானிய முறைச் சாக்கெட். ஒரே ஓட்டைக் கூட்டத்துக்குள் போக, வர இரண்டு வழியும் அடக்கம். வளைவில் வரிசையாகப் பார்த்தால் எண்கள் 1, 4, 2, 5, 3 என்று தாறுமாறாக இருக்கும், பயப்படாதீர்கள். நடுவில் உள்ள 2 எர்த். 3 இடது, 5 வலது: இவை ரிசீவருக்குள் வரும் சத்தம், உங்களுக்கு வேண்டியவை. 1-உம் 4-உம் ரெக்கார்டருக்கு வெளியே போகும் வழி. ஆர்.சி.ஏ. (சிவப்பு, வெள்ளை நிற ஆடியோ பிளக்) முனையுள்ள அடாப்டர் வாங்கும்போது எந்தத் திசைக்கானது என்று கேட்டு வாங்குங்கள்.

கீபோர்டுக்காரர்கள் இசைக்கருவிகளை இணைக்கும் மிடி கேபிளும் இதில் அழகாகப் பொருந்தும். அதை நம்பாதீர்கள். அதில் பெரும்பாலும் 1-க்கும் 3-க்கும் கம்பியே இருக்காது. இடது ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், நீங்கள் ரிசீவரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அதே சாக்கெட்டிலிருந்து கம்ப்யூட்டரில் பதிவு செய்தால் சத்தம் ரொம்பக் கம்மியாக வருகிறது. பழுதா?

அசல் டின் முறைப்படி செய்த செட்டாக இருந்தால் பழுதில்லை. அதில் வெளியே வருவது, எதிரே இருக்கும் இன்புட்டின் மின்தடையில் ஒவ்வொரு கிலோ ஓமுக்கும் சுமார் 1 மில்லிவோல்ட்தான். 47 கிலோ ஓம் என்றால் 50 மில்லிவோல்ட்கூடத் தேறாது. கம்ப்யூட்டரின் லைன் இன்புட் எதிர்பார்ப்பது அதைப்போலப் பல மடங்கு. நடுவில் சின்ன ப்ரீஆம்ப் (சிக்னலை ஏற்றிக் கொடுக்கும் பெட்டி) ஒன்று வையுங்கள்.

போனோ (PHONO) என்று எழுதிய ஆர்.சி.ஏ. சாக்கெட் சும்மா கிடக்கிறது. அதில் போனைச் சொருகலாமே?

கூடாது. அது இசைத்தட்டு ஊசியின் சில மில்லிவோல்ட்டுக்காக வைத்தது. பேஸை ஏற்றி ட்ரெபிளை இறக்கும் சர்க்யூட் உள்ளே இருக்கிறது. போனைக் கொடுத்தால் கரகரவென்று உளறும்.

சென்னைக்கு எடுத்துவந்தால் ஓடுமா?

முதலில் பின்பக்க வோல்டேஜ் ஸ்விட்ச். சாவோ பாவுலோவில் 127, பிரேசிலியாவில் 220. அங்கே 127-இல் ஓடிய செட்டை அப்படியே நம் 230-இல் சொருகினால் புகைதான். 220-க்கு மாற்றுங்கள், ஃப்யூஸ் மதிப்பையும் சரிபாருங்கள். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ்; நம் 50 ஹெர்ட்ஸில் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், காற்றோட்டம் விடுங்கள். கரண்டின் ஹெர்ட்ஸை நம்பி ஓடும் டர்ன்டேபிள் கூடவே வந்தால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். எல்லாப் பாடகரும் தூக்கக் கலக்கத்தில் பாடுவார்கள். எஃப்.எம். 88 முதல் 108 வரை இங்கும் அதேதான். ஆனால் ரிசீவர் ட்ரெபிளை இறக்கும் அளவு (டீ-எம்ஃபசிஸ்) அங்கே 75 மைக்ரோ செகண்ட், இங்கே 50. அதனால் கொஞ்சம் மந்தமாகக் கேட்கும். ட்ரெபிளை ஒரு சுற்று ஏற்றிவிடுங்கள்.

ஸ்பீக்கர் பிளக்கில் ஒரு தட்டைக் காலும் ஒரு உருண்டைக் காலும். எது பிளஸ்?

உருண்டை பிளஸ், தட்டை மைனஸ். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் சத்தம் வரும், பேஸ் காணாமல் போகும்.

பல வருஷம் பரணில் கிடந்தது. நேராக ஆன் செய்யலாமா?

வேண்டாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் (கரண்ட் பல்பைத் தாண்டித்தான் செட்டுக்குப் போகும்படி) போட்டு ஆன் செய்யுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்; அணைத்துவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.