அதிக ஓட்டு வாங்கியும் தோல்வியா?

கேள்வி: 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளிண்டனுக்குத்தானே அதிக ஓட்டு? அப்புறம் டிரம்ப் எப்படி அதிபரானார்?

பதில்: ஆமாம், ஹிலாரிக்கு 28 லட்சத்துக்கு மேல் கூடுதல் ஓட்டு. ஆனால் அங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாக ஒதுக்கப்பட்ட 538 தேர்வாளர்கள். ஜெயிக்க 270 பேர் வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில், ஒரு ஓட்டில் முந்தினாலும் அத்தனை தேர்வாளர்களும் முந்தியவருக்கே. கலிபோர்னியாவில் ஹிலாரி 40 லட்சத்துக்கு மேல் முந்தினார். கிடைத்தது 55 பேர்தான். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் டிரம்ப் முந்தியது மொத்தமாகவே 80 ஆயிரத்துக்குள். மிச்சிகனில் வெறும் 10,704! அந்த மூன்றின் 46 தேர்வாளர்கள்தான் அவரைக் கரை சேர்த்தார்கள்.

எனக்கு இந்த முறையில் துளியும் உடன்பாடில்லை. எந்த ஊரில் போட்டாலும் ஓட்டுக்கு ஒரே மதிப்பு வேண்டும். ஆனால் அரசியல் சட்டத்தைத் திருத்த 38 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த முறையால் கூடுதல் செல்வாக்கு பெறும் வயோமிங் போன்ற சின்ன மாநிலங்கள் லேசில் சம்மதிக்காது.