ஆவணி வரைக்கும் காத்திருந்தா விசா கையில வருமா?

கேள்வி: வணக்கம் மேடம். மகளுக்கு மான்செஸ்டர்ல ஒரு வருஷ எம்எஸ்சி கிடைச்சிருக்கு, செப்டம்பர் 21 கிளாஸ். ஃபீஸ்ல இன்னும் 18,000 பவுண்ட் கட்டணும். எங்க பிளாட்டை விலை பேசியாச்சு, ஆனா வாங்குறவர் ஆடியில பத்திரம் வேண்டாம், ஆகஸ்ட் 20 கிரயம் வச்சுக்கலாம்ங்கறார். மனைவி பேர்ல 14 லட்சம் எஃப்டி ரெண்டு வருஷமா இருக்கு. பிரிட்டன் ஸ்டூடண்ட் விசாவுக்கு என் தம்பி அக்கவுண்டை காட்டலாமா? ஒரு ஏஜென்ட் 28 நாளைக்கு வட்டிக்கு பணம் போட்டுத் தர்றேன்னு சொல்றார், சரியா? - திருச்சி வாசகர்

பதில்: வணக்கம் சார். ஜூன்லயே கேட்டது ரொம்ப நல்லதாப் போச்சு, ஏன்னா உங்க கணக்கு இப்படியே போனா இடிக்கும். விசாவுக்கு காட்டுற பணம் அக்கவுண்ட்ல தொடர்ச்சியா 28 நாள் இருக்கணும், ஆகஸ்ட் 20 பணம் வந்தா அது செப்டம்பர் 16 அன்னைக்குத்தான் முடியுது, 17 அப்ளை பண்ணி வழக்கமான மூணு வாரம் போட்டா அக்டோபர் 8 ஆயிடும், கிளாஸோ செப்டம்பர் 21. சீக்கிரமா முடிவு சொல்ற பிரியாரிட்டி சர்வீஸுக்கு கூடுதல் பணம் கட்டுனாலும் அந்த சீசன்ல ஸ்லாட் கிடைக்கும்னு நம்பி உட்கார முடியாது. அதனால பிளாட் பணத்தை விசா கணக்குல இருந்தே எடுத்துடுங்க சார்.

இப்ப எவ்வளவு காட்டணும்னு பாருங்க. பாக்கி ஃபீஸ் 18,000, அதோட லண்டனுக்கு வெளிய தங்குற செலவுக்கு மாசம் 1,171 பவுண்ட் வீதம் 9 மாசத்துக்கு 10,539 (2025 நவம்பர்ல ஏத்துன ரேட் இது, அப்ளை பண்ற அன்னைக்கு அரசு சைட்ல திரும்ப ஒரு தடவை பாத்துக்கோங்க). பவுண்ட் 120 ரூபாய்னு வச்சா இந்த 10,539க்கு கிட்டத்தட்ட 12.65 லட்சம், அதாவது அம்மாவோட எஃப்டியே தாங்கிடும்! அது ஏற்கனவே ரெண்டு வருஷமா கிடக்குறதால புதுசா 28 நாள் காத்திருக்கவும் வேண்டாம். சர்டிஃபிகேட் மட்டும் பழசா இருக்கக் கூடாது, அப்ளை பண்ற தேதிக்கு முன்னாடி 31 நாளுக்குள்ள எடுத்ததா இருக்கணும், பணம் அந்த 28 நாளும் இருந்ததுன்னு அதுல தெரியணும், தேவைப்பட்டா எடுக்கக்கூடிய பணமாவும் இருக்கணும்.

மிச்சம் 18,000க்கு எஜுகேஷன் லோன் போடுங்க. பேங்க் குடுக்குற லோன் லெட்டருக்கு 28 நாள் ரூல் கிடையாது, ஆறு மாசத்துக்குள்ள போட்ட லெட்டரா இருந்தா போதும், நிறைய பேருக்கு இது தெரியாமலேயே பணத்துக்கு அலையுறாங்க. லெட்டர்ல கடன் வாங்குறவரா மகள் பேர் இருக்கணும், நீங்க பர்சனல் லோன் எடுத்து காட்டுறது இதுல வராது. ரேட் ஏறி இறங்கும், அப்ளை பண்ற தேதியோட ரேட்டுலதான் ரூபாயை பவுண்டா மாத்திப் பாப்பாங்க, அதனால கணக்குப்படி 21.6 லட்சம்னாலும் 23, 24 லட்சத்துக்கு சாங்ஷன் வாங்குங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, விக்கப் போற அதே பிளாட்டை பேங்க்ல அடமானமா குடுத்துடாதீங்க, ஆகஸ்ட்ல கிரயம் பண்ண முடியாம மாட்டிக்குவீங்க, வேற வீடு உங்க பேர்ல இருந்தா அதைக் குடுங்க. ஆவணியில பிளாட் பணம் வந்ததும் லோனை அடைச்சிடலாம். பேங்க்ல வேல்யூவர், வக்கீல்னு இழுக்கும், இந்த வாரமே போய் நில்லுங்க.

தம்பி அக்கவுண்ட் செல்லாது சார். அப்பா, அம்மா, சட்டப்படி கார்டியன், இல்ல மகளோட சொந்த அக்கவுண்ட், உங்க விஷயத்துல இவ்வளவுதான். சித்தப்பா எவ்வளவு பாசமா இருந்தாலும் ஸ்டேட்மென்ட்ல அவர் பேர் இருந்தா ரிஜெக்ட்தான்.

ஏஜென்ட் விஷயத்துல தயவுசெஞ்சு கேளுங்க, கையெடுத்து கும்புடறேன். வட்டிக்கு போட்ட பணம் உங்க பணமே இல்ல, மகள் அங்க போய் எதை வச்சு வாடகை கட்டுவா? இந்த மாதிரி ஆளுங்க சில சமயம் ஸ்டேட்மென்ட்டையே போலியா அடிச்சுக் குடுத்துடறாங்க. விசா ஆபீஸ்காரங்க பேங்க்கை விசாரிச்சு கண்டுபிடிச்சா விசா மறுக்குறதோட நிக்காது, 10 வருஷம் தடை வரைக்கும் போகும். 22, 23 வயசுப் பொண்ணு, தான் பண்ணாத தப்புக்கு அதைச் சுமக்கணுமா?

அப்புறம் அம்மா எஃப்டியை காட்டுறதால மகளோட பர்த் சர்டிஃபிகேட்டும் அம்மா சம்மதிச்சு எழுதுன லெட்டரும் வேணும். இன்னைக்கே பீரோவைத் திறந்து அந்த சர்டிஃபிகேட்டைப் பாருங்க, நம்ம ஊர்ல பல பேருக்கு அதுல குழந்தை பேர் இடமே காலியா இருக்கும். அப்படி இருந்தா இப்ப பேர் பதிய முடியுமான்னு கார்ப்பரேஷன்ல உடனே விசாரிங்க, அம்மா பேரோட இனிஷியலும் ஸ்பெல்லிங்கும் எஃப்டில இருக்குற மாதிரியே இருக்கான்னும் அப்பவே பாத்துடுங்க. டிபி டெஸ்ட்டை ஜூலையில முடிச்சிடுங்க, ஆறு மாசம் செல்லும். லோன் லெட்டர், சிஏஎஸ் (யுனிவர்சிட்டி விசாவுக்காகக் குடுக்குற அட்மிஷன் உறுதி) ரெண்டும் கைக்கு வந்ததும் ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள்ள அப்ளை பண்ணிடணும், அதுவரைக்கும் எஃப்டியை யாருக்காகவும் உடைக்காதீங்க.