விடை சரிதானா என்று மாணவர் எப்படிச் சோதிப்பது?

கேள்வி: இளநிலை மாணவர்களுக்குக் கணினிவழி இயற்பியல் நடத்துகிறேன். பைத்தானில் நிரல் எழுதி வரைபடமும் எடுத்துவிடுகிறார்கள். விடை சரியா என்று கேட்டால் விழிக்கிறார்கள். நிரலாக்கத்துக்கு இன்னும் சில வகுப்புகள் ஒதுக்கலாமா?

பதில்: வேண்டாம். நிரல் எழுத வருகிறது, தப்பான விடையைப் பார்த்துத்தான் பழக்கமில்லை. முதல் வாரத்திலேயே ஒன்றைக் கண்ணில் காட்டிவிடுங்கள்.

சுருள்வில்லில் கட்டிய நிறை, உராய்வு இல்லை; ஆகவே மொத்த ஆற்றல் மாறக்கூடாது. கோண அதிர்வெண்ணையும் காலப்படியையும் (நிரல் ஒவ்வொரு முறையும் முன்னேறும் சிறு நேர அளவு) பெருக்கினால் 0.1 வருகிறபடி வைத்து, ஆய்லர் முறையில், அதாவது படியின் தொடக்கத்தில் உள்ள மதிப்புகளை மட்டும் கொண்டு அடுத்த இடத்தையும் திசைவேகத்தையும் கணக்கிடும் எளிய முறையில், ஓடவிடச் சொல்லுங்கள். வளைகோடு வழவழப்பாக, அழகாகவே வரும். அடுத்து மொத்த ஆற்றலை வரையச் சொல்லுங்கள். படிக்குப் படி அது 1.01 மடங்காகிக்கொண்டே போகும். ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 63 படிகள், அதற்குள் ஆற்றல் 1.87 மடங்கு! இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த 1.01-ஐத் தாளில் நாலு வரியில் அவர்களே வருவித்துவிடுவார்கள்.

பிறகு ஒரே ஒரு மாற்றம்: திசைவேகத்தை முதலில் புதுப்பித்து, அந்தப் புதிய மதிப்பைக் கொண்டே இடத்தைக் கணக்கிடட்டும். ஆற்றல் சற்றே ஏறி இறங்கும், ஆனால் பெருகிக்கொண்டே போகாது. இதை இயற்பியலாளர் ஆலன் குரோமர் 1981-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். ஒரு மாணவி தற்செயலாக வரிகளை மாற்றி எழுதியதில் கிடைத்தது இது. வகுப்பில் தவறாமல் சொல்லுங்கள்.

காற்றுத் தடை போல ஆற்றல் மாறும் கணக்குகளில் இந்தச் சோதனை உதவாது. அங்கே காலப்படியைப் பாதியாக்கிப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்தில் உள்ள பிழை ஆய்லரில் பாதியாகும், ஒவ்வொரு படியிலும் நான்கு முறை சாய்வைக் கணக்கிடும் நான்காம் வரிசை ரங்கே-குட்டா முறையில் 16-இல் ஒரு பங்காகும். அந்த விகிதம் வரவில்லையா? காலப்படி இன்னும் பெரிதாக இருக்கலாம், அல்லது எங்கோ குறி மாறியிருக்கும். மிகவும் சிறிதாக்கினாலும் முழுமையாக்கல் பிழை (கணினி தசம இலக்கங்களை வெட்டிச் சுருக்குவதால் வருவது) தலைதூக்கும்.

மதிப்பெண்ணில் பாதியை வரைபடத்துக்கும், மீதியை 'இதை ஏன் நம்பலாம்' என்று எழுதும் அரைப் பக்கத்துக்கும் கொடுங்கள். இல்லாவிட்டால் யாரும் சோதிக்க மாட்டார்கள்.

பைத்தானின் அறிவியல் கணக்கீட்டு நூலகமான சைபையில் (SciPy) உள்ள தயார்நிலைத் தீர்ப்பான்களைக் கடைசியில் கொடுத்தால் போதும். அதில் தொடக்க மதிப்புகளிலிருந்து வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் தீர்ப்பான் (solve_ivp), நாம் எதுவும் மாற்றாவிட்டால், ஆயிரத்தில் ஒரு பங்கு ஒப்பீட்டுப் பிழையை ஏற்றுக்கொள்ளும். அதே சுருள்வில்லை ஆயிரம் அலைவுக்கு ஓடவிட்டு, ஆற்றல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.