தறிச் சத்தத்துக்கு நடுவே கேட்ட தமிழ்

கேள்வி: இன்றும் உங்கள் நினைவில் நிற்கும் பழைய வானொலி அல்லது தொலைக்காட்சி நிகழ்ச்சி எது, ஏன்?

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, அதிலும் குறிப்பாக பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' என்பேன். பாடல்கள் பிடித்திருந்தன என்பது பாதிக் காரணம்தான். இன்று நான் பேசும் தமிழை எனக்குக் கொடுத்தது அந்த ஒலிபரப்பு என்பது மீதிக் காரணம்.

சேலம் குகைப் பகுதியில் நெசவுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். பக்கத்து வீட்டில் தெலுங்கு. சற்றுத் தள்ளிப் போனால் சௌராஷ்டிரம். தமிழ் எங்களுக்குக் கடைத்தெருவின் மொழி, பள்ளிக்கூடத்தின் மொழி. வீட்டுக்குள் தமிழ் நாள் முழுக்க ஒலித்தது என்றால், அது தறிக்கு மேலே இருந்த மாடத்தில் அப்பா வைத்திருந்த பிலிப்ஸ் பெட்டியின் வழியாகத்தான். அந்தப் பெட்டிக்கு ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டி லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்த காலம் அது. லைசன்ஸ் புத்தகத்தை அப்பா குடும்ப அட்டையோடு சேர்த்து மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருப்பார்.

காலை 7.15 மணிக்கு டெல்லியிலிருந்து ஆகாசவாணியின் செய்திகள் தொடங்கும். சரோஜ் நாராயண்சுவாமியின் குரல் கேட்டதும் அப்பா தறிக்குழிக்குள் இறங்கிவிடுவார். அவருக்குக் கடிகாரம் வேண்டியிருக்கவில்லை. செய்திகள் முடிந்ததும் முள்ளை இலங்கைக்குத் திருப்புவார்கள். 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே பள்ளிக்குக் கிளம்புவேன். மாலையில் திரும்பி வந்ததும் ராட்டை முன் உட்கார்ந்து தார் சுற்றுவது, அதாவது துணியின் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றுவது, என் வேலை.

இலங்கை அறிவிப்பாளர்களின் தமிழை என்னவென்று சொல்வது? கே. எஸ். ராஜா மூச்சு விடாமல் அத்தனை வேகமாகப் பேசினாலும் ஓர் எழுத்துகூடச் சிதையாது. ராஜேஸ்வரி சண்முகம் 'நேயர்களே' என்று அழைத்தால், எங்கள் தெருவில் யாரும் யாரையும் அவ்வளவு மரியாதையாக அழைத்ததில்லையே என்று தோன்றும். 'வாளப்பளம்' என்றே சொல்லிப் பழகியிருந்த நான், அந்தப் பெட்டியிலிருந்து வந்த ழகரத்தைக் கேட்டு, ராட்டையைச் சுற்றிக்கொண்டே வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன்.

'பாட்டுக்குப் பாட்டு' வந்துவிட்டால் பழக்கம் போட்டியாக மாறிவிடும். ஒருவர் பாடி நிறுத்திய இடத்தில் கிடைக்கும் எழுத்தைப் பிடித்து, அந்த எழுத்தில் தொடங்கும் வேறொரு பாடலை அடுத்தவர் பாட வேண்டும். அப்துல் ஹமீத் அந்த எழுத்தைச் சொன்ன மறுகணமே, தறியில் இருக்கும் அப்பா, நெடுக்கு நூலான பாவைப் பிணைக்கும் பெரியப்பா, அடுப்படியில் அம்மா, ராட்டையில் நான் என்று ஆளுக்கொரு பாட்டைத் தொடங்குவோம். குறிலுக்குப் பதில் நெடிலில் தொடங்கினால் செல்லாது என்று பெரியப்பா கறாராக இருப்பார். குறில் நெடில் வேறுபாட்டை நான் இலக்கண வகுப்பில் படித்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் 'ழ' என்பதிலேயே மனம் லயித்துப் போய்த் தாரை இறுக்கமில்லாமல் சுற்றிவிட்டேன். அதை, நூலைக் குறுக்கே கொண்டு ஓடும் நாடாவில் போட்டு அப்பா நாலு முறை ஓட்டியதும், தாரின் நுனி சரிந்து, பட்டு நூல் கொத்தாகக் கழன்று வந்து ஊடையில் சிக்கியது. வெண்பட்டில் ஒரு சிக்கு விழுந்தால் கண்ணுக்குத் தப்பாது. அப்பா திட்டவில்லை. விளக்கைப் பக்கத்தில் இழுத்து, அந்த இழைகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். அரை மணி நேரம் ஆனது. பெட்டியை அவர் நிறுத்தவும் இல்லை. பாட்டு காதுக்கு, நூல் கைக்கு என்று மட்டும் கன்னடத்தில் சொன்னார். அதன் பிறகு என் தார் ஒருபோதும் சரிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளின் ஒலிச்சித்திரத்தையும் சொல்ல வேண்டும். முழுத் திரைப்படத்தையும் ஒரு மணி நேர ஒலியாகச் சுருக்கிக் கொடுப்பார்கள். ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம் என்றால் பெரியப்பாவுக்குப் பெருமை தாங்காது; நம் ஊரில் எடுத்த படம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

தொலைக்காட்சி எங்கள் தெருவுக்கு 1980களில் வந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க நானும் ஓடியிருக்கிறேன், மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் அதைப் பார்க்கத் தறியை நிறுத்த வேண்டும். வானொலி ஒரு நாளும் எங்களை வேலையை விட்டு எழுந்து வரச் சொன்னதில்லை. நெசவாளிக்கு அது எத்தனை பெரிய உதவி என்பது தறிக்குழியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இலங்கை எங்களிடமிருந்து விலகிப் போனதற்குக் காரணம் தொலைக்காட்சி அல்ல. தெருவில் விசைத்தறிகள் ஒவ்வொன்றாக வந்தன. மோட்டார்கள் ஓடும்போது எழும் மின் இரைச்சலை மத்திய அலைப் பெட்டி அப்படியே வாங்கிக் கொள்ளும். தொலைவிலிருந்து மெலிந்து வரும் குரல் அந்தக் கரகரப்பில் மூழ்கிவிடும். அப்பா பெட்டியைக் கிழக்கே திருப்பிப் பார்த்தார், மேற்கே திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளூர் நிலையங்களோடு நிறுத்திக்கொண்டார்.

சில ஆண்டுகள் கழித்து, மே மாதத்தில், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காக ஏற்காட்டில் அக்கா வீட்டில் தங்கியிருந்தோம். காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீடு. சுற்றிலும் ஒரு மோட்டார் கிடையாது. இரவுச் சாப்பாடு முடிந்து, அக்காவின் சிறிய டிரான்சிஸ்டரை அப்பா சும்மா திருப்பிக்கொண்டிருந்தார். திடீரென்று, கரகரப்பே இல்லாமல், பழைய நாட்களைப் போலவே தெளிவாக, இலங்கையிலிருந்து அந்தத் தமிழ் வந்தது. குளிர் ஏறுகிறது, உள்ளே வாருங்கள் என்று அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். பாட்டின் தாளத்துக்கு ஏற்றபடி அவருடைய வலது கை, நாடாக் கயிற்றை இழுப்பது போல, முழங்காலின் மேல் அசைந்துகொண்டே இருந்தது.