ரயில்வேக்காரர் வீடு

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலி பேட்டையில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறது. என் பூட்டன் திருநெல்வேலி - செங்கோட்டை ரயில் லைனில் கீமேனாக வேலை பார்த்தவர், ரயில்வே கம்பெனிக் காலத்து ஆள். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் கட்டிய வீடு. முன்னால் தார்சா என்கிற தாழ்வாரம், பட்டாசல் என்கிற கூடம், அடுக்களை, பின்னால் கிணறு, அவ்வளவுதான். பட்டாசலுக்கு மேலே மட்டப்பாவை, அதாவது மொட்டை மாடித் தளத்தை, தாங்குவது ஒரு பழைய தண்டவாளம். அதில் 1901 என்று புடைத்திருக்கிறது. அப்படியானால் வீடு 1901இல் கட்டியதா? பார்க்க வந்த இன்ஜினியர், "செட்டிநாட்டு வீடா இது? மனைக்குத்தான் விலை" என்று சொல்லிவிட்டார். அண்ணன்மாரும் அதையே சொல்கிறார்கள். பாரம்பரிய மதிப்பு என்று இதற்கு ஏதாவது உண்டா?

செ., பேட்டை

அன்புள்ள செ.,

உண்டு. நிறையவே உண்டு.

முதலில் அந்தத் தண்டவாளம். எஃகை உருட்டும்போதே ஆலையின் பெயரையும் ஆண்டையும் பக்கவாட்டில் புடைப்பெழுத்தாகப் பதித்துவிடுவார்கள். ஆகவே 1901 என்பது இரும்பின் வயது. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1902இல். செங்கோட்டையை எட்டியது 1903இல். அந்த லைனில் உழைத்து ஓய்வு பெற்றவர் 1901இல் வீடு கட்டியிருக்க வழியில்லை. பாதையில் தேய்ந்து, கழித்துப் போட்ட இரும்புதான் பிற்பாடு உங்கள் வீட்டுக்கு உத்தரமாகியிருக்கும். ஆனால் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். உருட்டியது 1901, பாதை திறந்தது 1902. அந்தப் பாதையில் முதன்முதலாகப் போட்ட தண்டவாளங்களில் ஒன்றாகவே அது இருக்கக்கூடும். டாட்டா ஆலையில் எஃகு வார்க்கத் தொடங்கியது 1912இல்தான் என்பதால், அது கப்பலேறி வந்த இரும்பாகவே இருக்க வேண்டும். இதை எழுதும்போதே எனக்குப் பரபரப்பாக இருக்கிறது. 2012இல் அங்கே அகலப்பாதை வந்துவிட்டது. பழைய மீட்டர் கேஜின் ஒரு துண்டு உங்கள் பட்டாசலில் இன்னும் சுமை தாங்கிக்கொண்டிருக்கிறது.

கீமேன் வேலை என்ன என்று உங்கள் அண்ணன்மாருக்குத் தெரியுமா? சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்பு, பச்சைக் கொடிகளும் எடுத்துக்கொண்டு, தன் எல்லைக்குள் உள்ள பாதை முழுவதையும் தினமும் நடந்தே பார்க்க வேண்டும். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கீ என்கிற ஆப்பு தளர்ந்தால் அடித்து இறுக்க வேண்டும், போல்ட்டை முடுக்க வேண்டும். விரிசல் கண்டால் வண்டியை நிறுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அதே நடைதான்.

தன் கைப்பணத்தில் கட்டித் தந்தார் என்பதற்காக, 1843இலிருந்து திருநெல்வேலியின் தாமிரபரணி ஆற்றுப் பாலத்தைச் சுலோசன முதலியார் பெயரால் சொல்கிறோம். நியாயமான மரியாதை. 1876இல் மணியாச்சியிலிருந்து ரயில் வந்தது. அதன்பின் டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஜங்ஷன் என்று ஒரு ஊரே எழுந்தது. அந்த ரயிலைத் தினமும் ஓட வைத்த கேங்மேன், கீமேன், பாயின்ட்ஸ்மேன் பெயர்களை எந்தக் கல்லில் பார்த்திருக்கிறீர்கள்? கம்பெனி குவார்ட்டர்ஸ் கம்பெனிக்குச் சொந்தம். வேலை முடிந்தால் காலி செய்தாக வேண்டும். மாதச் சம்பளக்காரராக வாழ்ந்த ஒருவர், கடைசியில் தனக்கென்று எதைக் கட்டிக்கொண்டார் என்பதை உங்கள் வீடு காட்டுகிறது. தார்சாவை எந்தப் பக்கம் பார்த்து வைத்தார், கிணற்றை ஏன் அங்கே தோண்டினார் என்பதெல்லாம் அவர் எடுத்த முடிவுகள். செட்டிநாட்டு வீடுகளைப் படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள். இப்படியான வீட்டுக்கு நீங்கள்தான் வர வேண்டும்.

சட்டம் கைகொடுக்கும் என்று காத்திருக்காதீர்கள். 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்சின்னச் சட்டம் நூறு வயதை ஒரு வரம்பாக வைத்திருக்கிறது என்பது சரி. ஆனால் நூறு வயதான எல்லா வீட்டையும் அது காப்பதில்லை. வயதைத் தெரிந்துகொள்ள மனைப் பத்திரத்தையும் பழைய தீர்வை ரசீதுகளையும் தேடுங்கள். பத்திரத்தின் நான்கெல்லையில் ரயில் பாதை வருகிறதா என்று பாருங்கள்.

வைத்துக்கொள்வதானால், வீட்டை அப்படியே உறைய வைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கழிப்பறை கட்டுங்கள், மின்வயரை மாற்றுங்கள். சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாக இருந்தால் அதன்மேல் சிமெண்ட் மட்டும் பூசவேண்டாம். உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லை அரித்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.

விற்றே தீர வேண்டுமென்றால், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பு ஒவ்வொரு அறையையும் அளந்து வரைபடம் போடுங்கள். குடும்பத்தில் மூத்த அத்தை, ஆச்சி யாராவது இருந்தால் அந்த வீட்டில் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தண்டவாளத்தை மட்டும் பழைய இரும்பு விலைக்குப் போகவிடாமல் உங்கள் பங்காக எழுதி வாங்கிவிடுங்கள்.